ஆராய்ச்சியில் கண்ட உண்மை லயம் வரைக்கும் வர வேண்டும்

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு களைப்போடு வந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டி முழக்காமல் ஒரே விஷயத்தைப் பேச விரும்புகிறோம். நம் உடல்நலத்தைப் பற்றிப் படித்தவர்கள் ஆராய்ந்து கண்ட உண்மை எப்படி நம்மிடம் வந்து சேருகிறது, ஏன் சில நேரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதுதான் அது.

முதலில் மட்டக்களப்புக்குப் போவோம். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வடக்குக்கும் கிழக்குக்கும் போய்க் குடியேறின. அந்தப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். கல்லடி, நாவலடி போன்ற ஊர்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல். நமக்குப் பீலித் தண்ணீர் எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்கு வீட்டுக் கிணறு.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. உயிர்களைக் கொண்டுபோனதோடு கிணறுகளையும் உப்பாக்கிவிட்டுப் போனது. கிணறு கெட்டால் நாம் என்ன செய்வோம்? இறைத்துக் கொட்டுவோம். அங்கேயும் அதுதான் நடந்தது. சனங்களும் உதவிக்கு வந்தவர்களும் மோட்டார் வைத்து, திரும்பத் திரும்ப இறைத்தார்கள். எல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனாலும் உப்பு போகவில்லை.

அப்போது சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கிணறுகளின் தண்ணீரை மாதக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைப்பதால் உப்பு சீக்கிரம் குறையாது, சில இடங்களில் கூடவும் செய்யலாம், மழைதான் அதைக் கழுவிக்கொண்டு போகும் என்று தெரிய வந்தது.

காரணம் இதுதான். மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் நல்ல தண்ணீராக மேலே நிற்கிறது. அதன் கீழே கனமான உப்புத்தண்ணீர் இருக்கிறது. ஒரு கோப்பைத் தேத்தண்ணீரில் சீனியைப் போட்டுக் கலக்காமல் வையுங்கள். மேலாகக் குடித்தால் இனிப்பு குறைவு. அடிவரைக்கும் உறிஞ்சினால் சீனி எல்லாம் வாய்க்கு வரும். கிணற்றை ஒட்ட இறைத்தாலும் அப்படித்தான், அடியில் கிடக்கும் உப்பு மேலே ஏறும்.

எனவே கிணற்றில் விழுந்த குப்பையையும் சேற்றையும் அகற்றுங்கள், மெதுவாக அளவோடு இறையுங்கள், குளோரின் போடுங்கள், பிறகு மழைக்கு விடுங்கள் என்று அறிவுரை வகுத்தார்கள். வீடு வாசல் இழந்து நிற்கிறவரிடம் போய் "இறைக்காதே" என்று மட்டும் சொன்னால் கேட்பாரா? "ஏன்" என்பதையும் சொன்னால்தான் கேட்பார். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்ட தாய் எந்தத் தண்ணீரை எதற்கு எடுப்பது என்று தானே முடிவு செய்வாள்.

இனி நம்ம மலைக்கு வருவோம். நம்முடைய விஷயம் வெத்திலை.

மட்டக்களப்பிலே வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலை வட்டா வைப்பது மரியாதை. நம்ம லயத்திலும் நல்லது கெட்டது எதுவும் வெத்திலை இல்லாமல் நடக்காது. குளிருக்கும் பசிக்கும் மலையிலே துணை அதுதான். வெத்திலை போடுகிறவரைத் திட்டுவதற்காக நாங்கள் இதைப் பேசவில்லை. வந்து சேராத ஓர் உண்மையை ஒப்படைக்கத்தான் பேசுகிறோம்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985ஆம் ஆண்டிலேயே, புகையிலை சேர்த்துப் போடும் வெற்றிலை வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்தது. அந்தச் சொல் ஓரளவு நம்மிடம் வந்து சேர்ந்தது. 2004ஆம் ஆண்டில் வெளியான இரண்டாவது அறிக்கையில், புகையிலை இல்லாமல் போட்டாலும் புற்றுநோய் வரும், பாக்கே அதற்குக் காரணமாகிறது என்று சொன்னார்கள். அது மட்டும் வந்து சேரவில்லை. இன்றைக்கும் "நான் போயிலை போடுறதில்லைங்க, வெறும் வெத்திலை பாக்குதான், அது ஒண்ணும் செய்யாது" என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்! பாதிச் செய்தி வந்ததால் பாக்கை நம்பி இருக்கிறோம்.

2016ஆம் ஆண்டில் அரசாங்கம் மெல்லும் புகையிலைக் கலவைகளை விற்கத் தடை விதித்தது. சட்டம் கடைக்காரனைக் கட்டுப்படுத்தும். ஆனால் நம்ம இடுப்பிலே இருக்கிற வெத்திலைப் பையை அவிழ்த்துப் பார்க்க எந்தச் சட்டமும் வராது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். நமது நாட்டில் ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே மாதம் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா? இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா? உறைப்புப் பட்டால் எரிகிறதா? முன்னே போல வாயைத் திறக்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் வலிக்காது. டிஸ்பென்சரிக்கு வந்து சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்ட வழி செய்யலாம். வேளையோடு கண்டால் குணப்படுத்த முடிகிற நோய் இது. விட முடிந்தவர்கள் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் கையில் மட்டும் பாக்குத் துண்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

ஒன்று, குடும்பநல உத்தியோகத்தரோ டாக்டரோ நாங்களோ எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. காரணம் சொல்வது எங்கள் கடமை.

இரண்டு, கேட்டதை அங்கேயே எங்களிடம் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தப்பாக விளங்கியிருந்தால் அப்போதே திருத்திக்கொள்ளலாம். நோட்டீசை ஒட்டிவிட்டுப் போவதோடு எங்கள் வேலை முடிந்தது என்று நாங்களும் நினைக்க மாட்டோம்.

மூன்று, இன்றைக்கு வராதவர்களும் வாசிக்கத் தெரியாத பெரியவர்களும் உங்கள் லயத்தில் இருப்பார்கள். ஆளுக்கு ஒருவருக்காவது இதை முழுதாகச் சொல்லுங்கள். "புகையிலை கெடுதி" என்று பாதியில் நிறுத்தாமல், "பாக்கும் கெடுதி" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.