பல் நாற்காலியும் பயமும்

பல் மருத்துவம் என்றாலே வரும் அச்சத்துக்குப் பெரும்பாலும் முன்பு பட்ட வலியே காரணம். இந்த அச்சத்தை நான்கு கேள்விகளால் அளக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் நார்மன் கோரா 1969இல் வெளியிட்டார்.

சிகிச்சைக்குத் தொலைவு போக வேண்டியவர்களை இந்த அச்சம் மேலும் தடுக்கும். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவ வசதி வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஆனால் பல்லுக்கு என்றால் பலர் குன்னூருக்கோ ஊட்டிக்கோ பஸ் ஏற வேண்டும். மலைப்பாதையோடு பயமும் சேர்ந்தால் பயணம் தள்ளிப்போகும். சொத்தை வேர்வரை இறங்கும்.

இந்தப் பயத்தைக் குறைக்க, பரிவுள்ள மருத்துவர் முதலில் விளக்குவார், கருவியைக் காட்டுவார், பிறகே தொடங்குவார். நோயாளி கையை உயர்த்தினால் நிறுத்துவார். ஈறு மரத்துப்போக மருந்து தடவிய பின்பே ஊசியை மெல்லச் செலுத்துவார். முதல் நாள் பரிசோதனை, அடுத்து சுத்தம் செய்தல், பிறகு சொத்தையை அடைத்தல் என்று படிப்படியாகப் போனால் அச்சம் தணியும்.