பாலத்தை இடிக்கட்டும், பாதையை அடைக்கலாகாது!

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலம் பழுதானால் இடித்துத்தான் ஆக வேண்டும். சாலை தேய்ந்தால் பெயர்த்துத்தான் போட வேண்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால், இடித்துக் கட்டும் காலத்தில் இந்த மும்பை மாநகரத்து உழைப்பாளி எந்த வழியாக வேலைக்குப் போவான்? அதற்கு விடை சொல்லிவிட்டுக் கடப்பாரையைத் தூக்குங்கள் என்பதே நம் கோரிக்கை.

அந்தேரியைப் பாருங்கள். இரயில் பாதைக்கு மேலே கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கோகலே பாலத்தின் நடைபாதை, 2018 ஜூலை 3 ஆம் நாள் காலை தண்டவாளத்தின் மீது இடிந்து விழுந்தது. உயிரும் போயிற்று. எச்சரிக்கை மணி அன்றே அடித்துவிட்டது. பாலம் முழுவதும் மூடப்பட்டதோ 2022 நவம்பர் 7 இல். இடையில் நான்கு ஆண்டுகள் இருந்தன! மூடுவதற்கு முன்பே மாற்றுவழிகளைச் செப்பனிட்டு வைக்க அந்தக் காலம் போதாதா?

பிறகு நடந்த வேலையில் நல்லதும் உண்டு. இரண்டு பாதியாகப் பிரித்துக் கட்டினார்கள். ஏறத்தாழ 1,300 டன் எடையுள்ள கர்டரைத் தண்டவாளத்திற்கு மேலே நகர்த்தி வைத்தார்கள். ஒரு பாதியை 2024 பிப்ரவரி 26 இல் திறந்துவிட்டு, மறு பாதியைக் கட்டினார்கள். இதுதான் சரியான முறை. ஆனால், திறந்தது யாருக்கு? இலகு வண்டிகளுக்கு! காருக்கு வழி பிறந்தது, பேருந்துக்குப் பிறக்கவில்லை.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். புதிய பாலத்தை உயர்த்திக் கட்டினார்கள். பக்கத்திலிருந்த பர்ஃபிவாலா மேம்பாலமோ தாழ்ந்து நின்றது. ஒன்றோடொன்று சேரவில்லை! பிறகு மேம்பாலத்தின் முனையை ஜாக்கி வைத்துத் தூக்கி, 2024 ஜூலையில் இணைத்தார்கள். முழுப் பாலமும் திறக்க 2025 மே மாதம் ஆயிற்று. காகிதத்தில் ஒரு கோடு பிசகினால், தெருவில் மக்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இனி, நம் தாராவியை ஒட்டிய சயான் பாலத்திற்கு வருவோம். 1912 இல் கட்டப்பட்ட பாலம் அது. 2024 தொடக்கத்தில் மூடப் போவதாக அறிவித்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். பிள்ளைகளின் பொதுத் தேர்வும் குறுக்கே வந்தது. தேதி தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஆகஸ்டு 1 ஆம் நாள்தான் வண்டிகளுக்கு மூடினார்கள். மக்கள் வாய் திறந்தால் தேதி நகரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கார் உள்ளவருக்குச் சுற்றுவழி என்றால் கொஞ்சம் பெட்ரோல் செலவு. தினக்கூலிக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் அன்றைய வேலையே இல்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நம் சகோதரிக்கு ஒரு வீடு கைவிட்டுப் போகிறது. பிரசவ வலி கண்டவளை ஏற்றிய ரிக்‌ஷா நெரிசலில் நிற்கிறது. ‘போக்குவரத்து தடைபடவில்லை’ என்று சொல்வோர், யாருடைய போக்குவரத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, நடந்து போவோருக்குப் பத்திரமான தற்காலிகப் பாதை. இரண்டாவது, கட்டி முடிந்த பகுதியில் பேருந்துக்கு முதலிடம். பலம் போதாதென்றால் சுற்றுவழியில் கூடுதல் பேருந்துகள். மூன்றாவது, முடியும் தேதியைப் பலகையில் எழுதி வேலையிடத்திலேயே நிறுத்துவது. நான்காவது, ஊர் தூங்கும் நேரத்தில் அங்கே உழைப்பவருக்குத் தலைக்கவசமும் வெளிச்சமும் இரவு வேலைக்குரிய கூலியும். நம்மில் தார்ச்சட்டி சுமந்தவர்கள் உண்டு. அந்த வேலையின் சூடு நமக்குத் தெரியும்.

தோழர்களே! மூடிய பிறகு புலம்புவதால் பயனில்லை. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். நம் வட்டாரத்தில் எந்தப் பாலத்தை, எந்தச் சாலையை, எப்போது மூடப் போகிறார்கள், மாற்றுவழி என்ன என்று இப்போதே கேட்போம். பள்ளியில் மராத்தி படித்த நம் பிள்ளைகள் மனுவை எழுதட்டும். வருகிற ஞாயிறன்று பேனாவோடு வாருங்கள்.