ஊர்க்காரர் என்று விட்டுவிட்டோம்

(தாராவியில் நடந்த மாதாந்தரக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



விடியற்காலை வேலைக்கு ஓடும்போது பிள்ளையிடம் என்ன சொல்லிவிட்டுப் போகிறோம்? "தெரியாத ஆள் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே" என்கிறோம். அத்தோடு கடமை தீர்ந்தது என்று நினைக்கிறோம். உண்மை நிலவரம் வேறு. மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளைக் கேட்டு 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 53 சதவீதம் பேர் ஏதாவது ஒருவகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்! தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பி விடப்பட்டவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் இதை யாரிடமும் சொல்லவே இல்லை.

சொன்னால் மட்டும் நாம் என்ன செய்கிறோம்?

எங்கள் நிர்வாகக் குழுவின் தவறை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் எங்களிடம் வந்தார். அவர் குறிப்பிட்ட ஆள் நம் ஊர்க்காரர், அவசரத்துக்குக் கடன் கொடுப்பவர். "பிழைக்க வந்த இடத்தில் போலீஸ், கோர்ட்டு என்று போனால் நம் மானம்தான் போகும்" என்று சமாதானம் பேசி அனுப்பினோம். வீட்டைக் காலி செய்தது யார்? அந்தப் பிள்ளையின் குடும்பம். அவரோ அதே சாலில், மற்றப் பிள்ளைகளின் நடுவே இருந்தார். குற்றம் தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அதன்படி நாங்களே குற்றவாளிகள்.

பள்ளியில் 'தொடாதே என்று சொல்' எனப் பாடம் நடத்தினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015இல் ஒரு தொகுப்பு வந்தது. பாடத்தால் பிள்ளைகளுக்கு விவரம் கூடுகிறது. பாடம் வேண்டியதுதான். ஆனால் அதனால் கொடுமையே குறைந்தது என்று காட்டச் சான்று கிடைக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை வளர்ந்த ஆளைத் தடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது என்ன நியாயம்? கேட்டவுடன் நம்புவதும், அந்த ஆளைப் பிள்ளைகள் பக்கம் அண்டவிடாமல் செய்வதும் பெரியவர்கள் வேலை.

மராத்தி தெரியாதே என்ற பயம் நமக்கு உண்டு. பிள்ளைக்குப் புரியாத மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பாளர் தரவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி போலீஸ் உடுப்பில் வரக்கூடாது. கூடியவரை பெண் அதிகாரியாக இருக்கவேண்டும். வீட்டிலேயே வைத்துக் கேட்கலாம். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக்கூடாது. உடனடி உதவிக்கு 1098. இந்த உதவித் தொலைபேசி 1996இல் தொடங்கியதே இந்த மும்பையில்தான்.

அந்த எண்ணைச் சங்கப் பலகையில் எழுதியிருக்கிறோம். மராத்தி நன்றாகப் பேசும் இரண்டு பெண்கள் காவல் நிலையத்துக்குத் துணைவர முன்வந்திருக்கிறார்கள். பழைய விஷயத்திலும் இந்த மாதம் எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டோம். கொடுப்பதற்கு முன் அந்தத் தாயிடம் நேரில் போய்ச் சொன்னோம். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.