பசிக்குப் பாடியவர்களும் நம் உண்டியலும்

(ஜொகூரில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ள நிவாரணத்துக்கு நாம் உண்டியல் ஏந்தப் போகிறோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட்டும் கோத்தா திங்கியும் நீரில் மூழ்கியதை நாம் மறந்துவிடவில்லை. உண்டியலைத் தூக்குமுன், இசைக் கலைஞர்கள் பஞ்ச நிவாரணம் திரட்டிய வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1943-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். மாண்டவர் 20 முதல் 30 லட்சம் என்பர். பர்மா ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. யுத்தச் செலவால் விலை ஏறியது; கூலியோ அதற்கு ஈடாக ஏறவில்லை. நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் கடையில் அரிசி இருந்தும் வாங்கக் காசின்றி மடிந்தனர். பேராசிரியர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியுள்ளார். அதே யுத்த காலத்தில் நம் முன்னோர் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் அன்றோ!

அப்பொழுது இந்திய மக்கள் நாடக மன்றத்தின் பாடகர்களும் நடிகர்களும் ஊர் ஊராகச் சென்று பாடி நிதி திரட்டினர். அம்மன்றம் அப்பஞ்சத்தைப் பற்றி எடுத்து 1946-இல் வெளிவந்த 'தர்த்தி கே லால்' படத்துக்கு இசையமைத்தவர் சித்தார் கலைஞர் ரவி சங்கர்.

அதே ரவி சங்கர்தான் 1971-இல், புயலாலும் யுத்தத்தாலும் நொந்த கிழக்கு வங்காள மக்களுக்காக, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். ஹாரிசன் ஒரு பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். ஆகஸ்டு 1-ஆம் தேதி நியூயார்க்கில் பாப் டிலன், எரிக் கிளாப்டன் முதலியோர் ஊதியமின்றி ஒரே மேடையில் ஏறினர். இரண்டு கச்சேரிகள், சுமார் 40,000 பேர், 243,000 அமெரிக்க டாலருக்கு மேல் வசூல். அது ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. 1984 நவம்பரில் லண்டனிலும் பாடகர்கள் ஒன்றுகூடி எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக ஒரு பாட்டைப் பதிவு செய்தனர்.

ஆனால் ஒன்று. நியூயார்க் கச்சேரியின் இசைத்தட்டு விற்ற பணத்தில் பெரும் பகுதி வரித் தகராறில் சிக்கி ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. பதிவு பெற்ற தரும ஸ்தாபனத்தின் வழியே முன்கூட்டி ஏற்பாடு செய்யாததே காரணம். மனம் பெரிதாக இருந்தது. காகிதம் சரியாக இல்லை. பசித்தவன் காத்திருந்தான்.

தோழர்களே, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். பால்மரம் வெட்டுவோரின் வியர்வைக் காசு இது. ஒவ்வொரு வெள்ளிக்கும் எண்ணிட்ட ரசீது வேண்டும். இருவர் கையொப்பம் வேண்டும். வரவும் செலவும் ஒரு மாதத்துக்குள் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டும். கணக்கெழுதும் கிராணிமாராகிய எங்களையும் கேள்வி கேட்க எவரும் தயங்கலாகாது.

இன்னொன்றும் மறக்கலாகாது. தருமம் இன்றைய பசியைத்தான் ஆற்றும். விலை ஏறும்பொழுது கூலியும் ஏறினால்தான் நாளைய அடுப்பு எரியும். ஆகவே ஒரு கையில் உண்டியலை ஏந்துவோம். மறு கையால் சங்கத்தைப் பற்றி நிற்போம்.