ஷிஃப்ட் முடிந்த பிறகு
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எலக்ட்ரானிக்ஸ் தொழிலாளர் உடல்நலம் என்றதும் நமக்கு சால்டரிங் புகைதான் ஞாபகம் வரும். ரோசின் ஃப்ளக்ஸ் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பது உண்மைதான். அதை உறிஞ்சி வெளியே தள்ள மிஷின் வைத்துவிடலாம்.

ஆனால் 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஐபோன் பூட்டுகிற ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்களைச் சாய்த்தது ஹாஸ்டல் சாப்பாடு. 250 பேருக்கு மேல் வாந்தி, பேதி. 159 பேர் ஆஸ்பத்திரியில். கூட வேலை செய்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் நெரிசலான அறை, தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை எல்லாம் வெளியே தெரிந்தது. ஆலையையே சில வாரம் மூட வேண்டியதாயிற்று.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. நல்ல ஆரம்பம். ஆனால் எல்லாருக்கும் அங்கே இடம் கிடைத்துவிடாது.

நம்மில் சிலர் இன்று இப்படிப்பட்ட கம்பெனிகளில் மேனேஜர்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். லைனைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி மாதம் ஒருமுறை ஹாஸ்டல் சமையற்கட்டையும் போய்ப் பாருங்கள். சொல்லாமல் போங்கள். அங்கேயே ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.