கூட்டத்துக்கு நடுவே ஒரு மைக்

பாப் டிலன் யார், லெட் செப்பெலின் யார், பிங்க் ஃப்ளாய்ட் எப்படிப்பட்ட குழு என்றெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. இன்றைக்குப் பேசப்போவது அவர்களுடைய கச்சேரிகளைக் கூட்டத்தில் உட்கார்ந்தபடி யாரிடமும் கேட்காமல் டேப்பில் பிடித்தவர்களைப் பற்றி; அந்த டேப்புகளைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்த ரசிகர்களைப் பற்றி. இப்போது கச்சேரி தொடங்கியதும் கைபேசிகள் காடாய் மேலே எழும்புகின்றன. ஒவ்வொன்றும் அரை நிமிடம் பிடிக்கிறது. மறுநாள் அத்தனை துண்டுகளையும் சேர்த்து ஒட்டினாலும் ஒரு முழுப் பாட்டு தேறாது. இன்னொரு பக்கம் ரெக்கார்டு நிறுவனங்கள் பழைய ஆல்பங்களை ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு என்று கனத்த பெட்டியில் போட்டு விற்கின்றன. இந்த இரண்டு மோகத்துக்கும் இடையில், ஒரு கச்சேரியை ஆரம்பச் சுருதி சேர்ப்பிலிருந்து கடைசிக் கைத்தட்டல் வரை அசையாமல் உட்கார்ந்து பதிந்தவரின் உழைப்பு மறந்துபோய்விட்டது. என் கட்சி இதுதான்: ராக் மேடையில் உண்மையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், கூட்டத்துக்கு நடுவே இருந்த அந்த மைக்கைத்தான் முதல் சாட்சியாகக் கூப்பிட வேண்டும்.

ஏன் அப்படி? மனிதரின் நினைவு கச்சேரி விஷயத்தில் மிகவும் பலவீனமானது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஃப்ரீ டிரேட் ஹால் என்றொரு கட்டடம். அதன் மாடியிலிருந்த சிறிய அரங்கில் 1976 ஜூன் 4 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவினர் வாசித்தார்கள். வந்தவர்கள் நாற்பது பேர் சொச்சம் என்பதுதான் பொதுவான மதிப்பீடு. ஆனால் அன்று நான் அங்கே இருந்தேன் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்களை வைத்துப் பெரிய அரங்கையே நிரப்பிவிடலாம். டேவிட் நோலன் என்பவர் யார் உண்மையில் வந்தார்கள் என்று துருவி ஒரு தனிப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. தவறவிட்ட கச்சேரி மனத்தை அப்படி அரிக்கும். அரித்து அரித்து, போனதாகவே நம்ப வைத்துவிடும். அதே கட்டடத்தின் பெரிய அரங்கில் பத்து வருடம் முன்பு, 1966 மே 17 அன்று, டிலன் பாடினார். முதல் பாதி தனியாக, கிதாரும் ஹார்மோனிகாவும். இரண்டாம் பாதியில் மின்சார கிதார்களோடு ஹாக்ஸ் குழு. நாட்டுப்புறப் பாடகர் என்று நம்பி வந்த கூட்டத்துக்கு ஆத்திரம். கூட்டத்திலிருந்து ஒருவர் டிலனைப் பார்த்து, துரோகி என்ற பொருளில், ‘யூதாஸ்’ என்று கத்தினார். அந்தக் கத்தல் டேப்பில் இருக்கிறது. டிலன் பதில் சொல்வதும், பிறகு குழு மிகுந்த சத்தத்தோடு அடுத்த பாட்டுக்குள் பாய்வதும் இருக்கின்றன. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து கைமாறிய கள்ளத்தட்டில் ‘ராயல் ஆல்பர்ட் ஹால்’ என்று அச்சிட்டிருந்தார்கள். உறையைப் பார்த்தவர்கள் லண்டன் என்றே நம்பினார்கள். அது மான்செஸ்டர் என்று ரசிகர்கள் விவாதித்து நிலைநாட்டிய பிறகுதான், 1998-ல் டிலனின் ரெக்கார்டு நிறுவனம் அதை முறையாக வெளியிட்டது. அப்போதும் பழக்கப்பட்ட தவறான பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தே வெளியிட்டது. உறை தவறு, நினைவு தவறு. டேப் மட்டும் சரி. இதை மறுபடியும் சொல்கிறேன்: டேப் மட்டும் சரி.

நிறுவனமே லைவ் ஆல்பம் போடுகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. கிஸ் குழுவின் 1975-ஆம் ஆண்டு ‘அலைவ்!’ ஆல்பத்தில் கணிசமான பகுதி பிறகு ஸ்டுடியோவில் சரிசெய்யப்பட்டது என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். தின் லிஸ்ஸியின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ ஆல்பத்தில் எவ்வளவு மேடையில் வாசித்தது, எவ்வளவு பிறகு சேர்த்தது என்பதில் அதை உருவாக்கியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. தப்பிய சுருதியைத் திருத்துவார்கள், நீண்ட வாசிப்பைக் கத்தரிப்பார்கள், கைத்தட்டலைக் கூட்டுவார்கள். சரி, மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த சவுண்ட்போர்டு பதிவு சுத்தமானதாயிற்றே என்றால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிறிய அரங்கில் கிதாருக்கான ஆம்ப்ளிஃபயரே அரங்கை அதிர வைத்துவிடும்; அதை ஒலிபெருக்கி வழியாக அதிகம் அனுப்பத் தேவையே இருக்காது. அதனால் மிக்ஸரில் குரல் தூக்கலாகவும் கிதார் சன்னமாகவும் பதியும். அரங்கில் இருந்தவர் காதில் விழுந்த சமநிலை அதில் இருக்காது. கூட்டத்திலிருந்து எடுத்த பதிவில்தான் சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியும், பக்கத்து இருக்கைக்காரரின் கூச்சலும், அந்தச் சமநிலையும் சேர்ந்து கிடைக்கின்றன.

இந்த வேலையில் ஈடு இணையில்லாதவர் என்று நான் நினைப்பது மைக் மில்லார்டை. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிக்காரர். எழுபதுகளில் அங்கே நடந்த பெரிய கச்சேரிகளைப் பதிந்தவர். அவர் பயன்படுத்தியது நாகமிச்சி 550 என்ற கேசட் ரெக்கார்டர். எடுத்துச் செல்லக்கூடியது என்று பெயரே தவிர, சட்டைக்குள் மறைக்கக்கூடிய சாமான் அல்ல, கனமான பெட்டி. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி சக்கர நாற்காலி. நடக்க முடிந்த மனிதர் அதில் உட்கார்ந்துகொள்வார், ரெக்கார்டர் இருக்கைக்கு அடியில் போகும், நண்பர்கள் தள்ளிக்கொண்டு வாயிற்காவலைக் கடப்பார்கள். ஏகேஜி மைக்குகள் தொப்பியில். தலையில் மைக் இருப்பதால் கச்சேரி முழுக்கத் தலையை ஆட்டக்கூடாது, கைதட்டக்கூடாது, பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூடாது. எல்லோரும் எழுந்து ஆடும்போது இவர் மேடையைப் பார்த்தபடி சிலையாக இருக்க வேண்டும். கேசட்டின் ஒரு பக்கம் தீர்வதற்குள், எந்தப் பாட்டு எவ்வளவு நீளும், எந்த இடைவெளியில் திருப்பிப் போடலாம் என்று கணக்குப் போட வேண்டும். தவறினால் பாட்டின் நடுவே ஒரு பள்ளம் விழுந்துவிடும். 1977 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம் அரங்கில் லெட் செப்பெலின் நடத்திய கச்சேரியை அவர் பதிந்திருப்பதைக் கேளுங்கள். ஜான் போனமின் டிரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று காதுக்கே தெரியும். அந்தக் குழுவின் மேடை வலிமையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் வேறு பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. நிறுவனம் வெளியிட்டவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

மில்லார்டின் இன்னொரு பதிவு என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. 1975 ஏப்ரல் 26, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்போர்ட்ஸ் அரீனா, பிங்க் ஃப்ளாய்ட். ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பம் அந்தச் செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்பே அதன் பாடல்கள் மேடையில் உருவாகிக்கொண்டிருந்தன. 1977-ல் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் ‘டாக்ஸ்’, ‘ஷீப்’ என்று வந்த இரண்டு பாடல்களும் அன்று வேறு பெயரில், வேறு வரிகளோடு ஒலித்தன. ஒரு படைப்பு எப்படி வளைந்து வளைந்து இறுதி வடிவத்துக்கு வந்தது என்பதைப் பார்க்க நமக்கிருக்கும் சன்னல்களில் இந்த கேசட் முக்கியமானது. ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பை 2025-ல் வெளியிட்டபோது, நிறுவனம் இந்தக் கச்சேரிக்கு மில்லார்டின் பதிவைத்தான் எடுத்துக்கொண்டது. இசைக்கலைஞரும் ஒலிப்பொறியாளருமான ஸ்டீவன் வில்சன் அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார். வாசலில் பிடிபட்டிருந்தால் பறிமுதலாகியிருக்க வேண்டிய டேப், குழுவின் அதிகாரபூர்வ வரலாற்றுக்குள் வந்துவிட்டது.

இது திருட்டுதானே என்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. விற்றால் திருட்டுத்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 1969-ல் ‘கிரேட் ஒயிட் ஒண்டர்’ என்று வெள்ளை உறையில் டிலன் பதிவுகளை விற்றவர்கள், ஒலிப்பதிவுக்கு அமெரிக்க மத்திய அரசின் பதிப்புரிமை அப்போது இல்லாத இடைவெளியில் புகுந்தார்கள். 1972 பிப்ரவரியில்தான் அந்தப் பாதுகாப்பு நடைமுறைக்கு வந்தது. ஆனால் டேப் எடுப்பவர்களின் உலகம் வேறு. மில்லார்ட் விற்றதில்லை, நம்பியவர்களுக்குக் கொடுத்த பிரதிகளில் ரகசிய அடையாளம் வைத்து, எது யார் வழியாக வியாபாரியிடம் போனது என்று கண்காணித்தார். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவோ 1984-ல் பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கியது. விற்காதே, மாற்றிக்கொள் என்பதுதான் அவர்களிடையே எழுதாத சட்டம். அதனால் அந்தக் குழுவுக்குக் கூட்டம் குறைந்ததா? ஸ்டேடியங்கள் நிரம்பின.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: எதை உலகம் கேட்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை கலைஞருக்குத்தானே? இதில் நான் ஒரு கோடு போடுகிறேன். ஸ்டுடியோவிலோ வீட்டிலோ முயன்று பார்த்து ஒதுக்கிவைத்தது கலைஞருடையது. அதைக் கசியவிடுவதை நான் ஏற்கவில்லை, அது எவ்வளவு அருமையாக இருந்தாலும். ஆனால் டிக்கெட் விற்று, ஆயிரக்கணக்கானோர் முன் பாடியதைப் பாடியவர் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அது நடந்த நிகழ்ச்சி. நடந்ததற்குச் சாட்சி இருப்பதில் அநீதி இல்லை. நம் ஊரிலும் சபாக் கச்சேரிகளை ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பதிந்து வைத்திருக்கவில்லை என்றால் கர்நாடக இசைப் பாடகர்கள் ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் ஆகியோரின் மேடைப் பாட்டு இவ்வளவு நமக்குக் கிடைத்திருக்குமா?

கடைசியாக, டேப் சேகரிப்பவர்கள் கேட்பதைவிடச் சேர்ப்பதில்தான் வெறி கொண்டவர்கள் என்ற குறை. அப்படிச் சிலர் உண்டு. ஆனால் வதந்தியைத் துரத்துவதில் இந்தக் கூட்டம் காட்டும் கட்டுப்பாடு பல ஆய்வாளர்களிடம் இல்லை. எந்திரம் ஓடிய வேகம் சரியா என்று சுருதியை ஒப்பிடுவார்கள். இரைச்சலின் அளவைக் கேட்டு எத்தனையாவது பிரதி என்று கணிப்பார்கள். பாடல் வரிசையையும் மேடைப் பேச்சையும் வைத்துத் தேதியை முடிவுசெய்வார்கள். மில்லார்ட் 1994-ல் இறந்தபின் அவருடைய மூல டேப்புகள் அழிந்துவிட்டன என்ற பேச்சு வெகுகாலம் உலவியது. அது பொய் என்று தெரிந்ததும், அவை வெளியே வந்ததும் ரசிகர்களின் விடாமுயற்சியால்தான். இருப்பதே தெரியாமல் கிடந்த டேப்பும் உண்டு: 1963 ஏப்ரல் 4 அன்று இங்கிலாந்தின் ஸ்டோ பள்ளியில் பீட்டில்ஸ் நடத்திய கச்சேரியை 15 வயது மாணவர் ஒருவர் பதிந்திருந்தார். அந்த ஒரு மணி நேர டேப் இருக்கும் செய்தி உலகத்துக்குத் தெரிய 2023 ஆயிற்று. அறுபது வருடம்!

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய கச்சேரி கேசட் கிடக்கலாம்; அது எந்த இசையாக இருந்தாலும் சரி. ஈரம் பட்ட டேப்பில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், ஒருநாள் ஓடாமலே போகும். எடுத்துத் துடைத்து, ஒரு நல்ல டெக்கில் போட்டு, கணினிக்கு மாற்றுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று எதையும் வெட்டாதீர்கள். கைத்தட்டலையும் இருமலையும் அப்படியே விடுங்கள். தேதி, ஊர், அரங்கம் தெரிந்தால் எழுதி வையுங்கள். கேட்பவருக்குப் பிரதி கொடுங்கள். காசு மட்டும் வாங்காதீர்கள்.