மீரி விலை கேட்ட கதை



மாதாமாதம் கடன், வசூல், தணிக்கை என்றே பேசுகிறோம். இன்று ஒரு மாறுதலுக்கு இளவரசிக் கதை சொல்ல வந்திருக்கிறோம். பின்னால் யாரோ சிரிக்கிறீங்க. கொஞ்சம் பொறுங்க, இதிலும் கணக்கு வருது.

அமெரிக்காவில் ஷானன் ஹேல் என்ற பெண் எழுத்தாளர் 2005-ல் ‘பிரின்சஸ் அகாடமி’ என்று ஒரு நாவல் எழுதினார். வளரும் பிள்ளைகளுக்கான மாயக்கதை. 2006-ல் அங்கே சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி கௌரவம் இதற்குக் கிடைத்தது.

கதை நடப்பது எஸ்கல் என்ற கற்பனை மலையில். ஊரே லிண்டர் என்ற கல்லை வெட்டித்தான் பிழைக்குது. வியாபாரிகள் வண்டியோடு வந்து கல்லை ஏற்றிக்கொண்டு, பதிலுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுத்துவிட்டுப் போவார்கள். கையில் காசு கிடையாது.

அந்த ஊரில் மீரி என்று 14 வயதுப் பெண். ஆள் ரொம்பச் சின்ன உருவம். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கல் குழியில் வேலை செய்ய, அவளை மட்டும் அப்பா உள்ளேயே விடமாட்டார். ‘நான் எதுக்கும் உதவாதவள், அதான்’ என்று அவள் மனசுக்குள்ளேயே புழுங்குகிறாள். தாயில்லாப் பிள்ளை வேறு.

இளவரசனுக்குப் பெண் இந்த மலையில்தான் என்று குறி சொல்லிவிடுகிறார்கள். உடனே ஊர்ப் பெண்பிள்ளைகளை ஒரு விடுதியில் வைத்து, எழுத்துப் படிப்பும் அரண்மனைப் பழக்கமும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு. டீச்சர் ஒலானா பொல்லாதவர். வாய் திறந்தால் உள்ளங்கையில் அடி, இல்லை என்றால் எலி ஓடும் இருட்டறை. இந்த அம்மாவைக் கதை கொஞ்சம் சீக்கிரமே மன்னித்துவிட்டது என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் மீரி என்ன செய்தாள் பாருங்க. அங்கிருந்த வியாபாரப் புத்தகத்தைப் பிரித்தாள். லிண்டர் கல் சமவெளியில் பொன்னும் வெள்ளியுமாக விலை போகுது, தன் ஊருக்குக் கிடைப்பது அதில் ஒரு துளிதான் என்று அதில் தெரிந்துகொண்டாள். வழிவழியாகக் கல் உடைத்த ஊரில் ஒருத்தருக்கும் இது தெரியாது! நம்ம குழுவில் செய்யும் பொருள் டவுன் கடையில் என்ன விலைக்கு விக்குதுன்னு நம்மில் எத்தனை பேர் போய்க் கேட்டிருக்கோம்?

மீரி ஓடிப்போய் ஊரில் சொன்னாள். அடுத்த முறை வண்டிகள் வந்தபோது ஊர் மொத்தமும் ஒரே பேச்சாக நின்றது. வியாபாரிகள் முறுக்கிக்கொண்டார்கள். தனித்தனியாகப் போயிருந்தால் யாராவது ஒருத்தர் பழைய விலைக்கே இறங்கியிருப்பார், யாரும் இறங்கவில்லை. கடைசியில் காசு கைக்கு வந்தது.

நடுவில் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள், கல் வழியாக மனசோடு மனசு பேசும் மாயமும் உண்டு. அதெல்லாம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். இளவரசன் யாரைக் கட்டினான் என்றுதானே கேட்கிறீங்க? மீரியை இல்லை, அவளுடைய தோழியை.

அப்பா ஏன் குழிக்குள் விடவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிய வருகிறது. மீரி வயிற்றில் இருந்தபோது அம்மா அந்தக் குழியில்தான் அடிபட்டாள். பிள்ளையைப் பெற்று, ஒரு வாரம் கையை விட்டு இறக்காமல் வைத்திருந்து இறந்துபோனாள். இத்தனை வருஷம் அந்த மனுஷன் இதை மகளிடம் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.